வெயில் நேரத்தில் பார்த்து வாங்கிய வீடு

நான் இப்போது குடியிருக்கும் வீட்டை வாங்குவதற்கு முன் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் நண்பகல், மூன்று முறையும் நல்ல வெயில். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன, சுவர்களில் புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கட்டிலை எங்கே போடலாம், அலமாரி எந்தச் சுவருக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் அளவெடுத்துக் குறித்துக்கொண்டேன். குளியலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வேகமாகக் கொட்டுவதைக் கண்டு திருப்தியடைந்தேன். குடியேறிய ஐந்தாம் மாதம் ஏதோ ஒரு காகிதத்தைத் தேடி அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் இருந்த சுவர் அம்மை கண்ட உடம்பு போலக் கொப்பளித்திருந்தது. விரல் வைத்தவுடன் பெயின்ட் அப்பளமாக உடைந்தது; உள்ளே பூச்சு மாவாக உதிர்ந்தது.

வீடு வாங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு வந்தது அந்தச் சுவரால்தான். பத்திரம், கடன், வரி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஒவ்வோர் இடத்திலும் தக்கவர்கள் இருக்கிறார்கள்; அவற்றை நான் தொடவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு வீட்டின் உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர், மேலிருந்து இறங்கும் தண்ணீர், தரையிலிருந்து ஏறும் தண்ணீர் ஆகிய நான்கும் எந்த வழியாகப் போகின்றன என்று தெரிந்துகொண்டவருக்கு அந்த வீட்டின் முக்கால்வாசிக் குறைகள் தெரிந்துவிடும் என்பது என் கருத்து.

முதலில், எப்போது பார்ப்பது என்பது. வீட்டை ஒரு முறையாவது மழை பெய்துகொண்டிருக்கும்போது, அல்லது பெய்து ஓய்ந்த ஓரிரு நாளுக்குள் பாருங்கள். உரிமையாளர் வேறு நாள் சொன்னால், எங்களுக்கு அன்றைக்குத்தான் வசதி என்று சொல்வதில் தவறில்லை. மழையில் மொட்டை மாடியில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, கூரையிலிருந்து இறங்கும் குழாய் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது, ஜன்னல் மேல் இருக்கும் சன்ஷேடிலிருந்து சொட்டும் நீர் வெளிப்பக்கம் விழுகிறதா அல்லது அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குத் திரும்புகிறதா என்பவை கண்ணுக்கு நேராகத் தெரியும். சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி ஒரு சிறு பள்ளக் கோடு இருக்க வேண்டும். அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் நீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். விரல் நுனி அகலம்கூட இல்லாத அந்தக் கோட்டை வைக்கக் கொத்தனார் மறந்துவிட்டதால் ஆண்டுதோறும் ஜன்னலோரம் ஊறிப்போகிற வீடுகள் ஏராளம்.

மழை வாய்க்கவில்லை என்றால் மூக்கை நம்புங்கள். உள்ளே போனவுடன் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், ஏறிய வீட்டின் நாற்றம், பழைய புத்தகமும் ஈரத் துணியும் சேர்ந்த ஒரு மக்கல் வாடை, மூடிய அறையில் தானாக மேலெழும். வாசனைத் தெளிப்பான் தாராளமாக அடிக்கப்பட்டிருந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் பதித்த அலமாரிகளின் கதவைத் திறந்து, உள்ளே தலையை நுழைத்து மோந்து பார்க்க வெட்கப்பட வேண்டாம். காற்றோட்டம் இல்லாத மூலைகளில்தான் பூஞ்சை முதலில் குடியேறுகிறது.

பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பதற்கு முன் வீடு முழுவதும் பெயின்ட் அடிப்பது இயல்பு. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓர் அறைக்கு மட்டும், அல்லது ஓர் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், எதற்காக அந்தச் சுவர் மட்டும் என்று நேராகக் கேளுங்கள். எங்கள் படுக்கையறையில் மற்ற மூன்று சுவர்களும் வழவழப்பாக இருந்தன. இந்த ஒன்றில் மட்டும் கதவுக் கைப்பிடி உயரம் வரை, பெயின்டுக்கு அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசும் புட்டி தடித்திருந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அந்த மேடு அன்றைக்கே தெரிந்திருக்கும். டார்ச்சைச் சுவருக்கு எதிரே பிடிக்கக் கூடாது. சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்தாற்போலப் பிடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஈரம் கண்டுவிட்டீர்கள் என்றால், அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் பெரும்பாலானோர், நான் உட்பட, அவசரப்பட்டுப் பணத்தை இறைக்கிறோம். தரையிலிருந்து ஏறும் ஓதம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலச் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே வருகிறது. பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும்; நின்ற இடத்தில் அலை வந்து போன கரை போல ஒரு மங்கல் கோடு விழும்; அதன் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மண்ணிலும் செங்கல்லிலும் இருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வந்த நீர் ஆவியாகிப்போக, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அது படிகமாகும்போது பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. மழை நீர் உள்ளே வருவது வேறு வகை. அது எந்த உயரத்திலும் தோன்றும், மழைக்குப் பின் கறுக்கும், வெயில் காலத்தில் வெளுக்கும். குழாய்க் கசிவுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. ஆண்டு முழுவதும் ஒரே ஈரமாக இருக்கும், கறை மெல்ல மெல்லப் பெரிதாகும். நான்காவது, காற்றில் உள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது. மூடிய குளியலறை, துணி காயப்போடும் அறை, வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியின் பின்புறம் ஆகிய இடங்களில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

இந்த நான்காவதை மற்ற மூன்றிலிருந்து பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு சாண் அளவுள்ள கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளை எடுத்து, ஈரமான இடத்தின் மேல் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. ஜன்னலைத் திறப்பதும் அலமாரியை ஒரு கையகலம் தள்ளி வைப்பதுமே பாதி மருந்து. தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. விற்பவரின் வீட்டில் போய் டேப் ஒட்டிக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் ஏற்கெனவே சொந்த வீட்டில் இருப்பவர்கள் பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யலாம். ஈரமானி என்ற கருவியை வைத்துக்கொண்டு வருபவர்களிடமும் சற்று நிதானம் தேவை. ஊசி குத்திப் பார்க்கும் வகைக் கருவி மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்துதான் ஈரத்தைக் கணிக்கிறது. உப்புப் பூத்த சுவரில் உப்பே மின்சாரத்தைக் கடத்திவிடுவதால் எண் கூடுதலாகக் காட்டும்.

நான் செய்த தவறு என்னவென்றால், சுவரைச் சுரண்டி, நீர்புகாப் பெயின்ட் என்று விற்கப்பட்ட ஒன்றை இரண்டு கோட் அடித்தது. உள்ளே வந்துகொண்டிருக்கும் நீருக்கு வெளியேறும் வழியை அடைத்தால் அது வேறு வழி தேடும். மூன்று மாதத்தில் கொப்பளம் ஒரு முழம் மேலே ஏறியது. அதன் பிறகு வந்த ஒப்பந்தக்காரர் சுவர் நெடுகத் துளையிட்டு ரசாயனம் செலுத்த வேண்டும் என்றார். தரையோதத்துக்கான அந்த மருந்து தரையோதத்துக்குத்தான் பயன்படும். என் சுவருக்கு வந்தது அந்த நோயே அல்ல.

நோய் எது என்பதைத் தண்ணீர் மீட்டர் சொன்னது. ஓர் இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் எதுவும் ஓடாமல் பார்த்துக்கொண்டு, மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கடைசி இலக்கம் நகர்ந்திருந்தது. உற்றுப் பார்த்தபோது மீட்டரில் இருக்கும் சின்னச் சக்கரம் தூங்குகிறவன் மூச்சு போல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. முதல் சந்தேகம் கழிப்பறையின் பிளஷ் டேங்க் மேல். அதில் துணிக்குப் போடும் நீலத்தைச் சில சொட்டு விட்டு, பிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் காத்திருந்தேன். பீங்கானில் நீலம் இறங்கவில்லை; இறங்கியிருந்தால் டேங்கின் அடியில் உள்ள ரப்பர் மூடி ஒழுகுகிறது என்று பொருள். அடுத்து, படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்குப் போகும் வால்வை மூடினேன். சக்கரம் நின்றுவிட்டது. ஷவருக்குப் போகும் குழாய் சுவருக்குள் வளையும் எல்போ ஒன்றில் தலைமுடி அளவு விரிசல் இருந்தது. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் அது நாளைக்கு நான்கு லிட்டருக்கும் மேல், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கும் மேல். அத்தனையும் என் சட்டைகள் தொங்கிய அலமாரியின் முதுகில்.

மீட்டர் இல்லாத வீடுகளில் மேல்நிலைத் தொட்டியையே மீட்டராக்கிக்கொள்ளலாம். இரவில் நீர் மட்டத்தை ஒரு குச்சியில் குறித்து, தொட்டிக்கு நீர் ஏறுவதை நிறுத்திவிட்டு, காலையில் யாரும் எழுவதற்குள் மறுபடி பாருங்கள்.

என் கசிவைக் கண்டுபிடிக்கக் குளியலறை வால்வு தனியாக இருந்தது என் அதிர்ஷ்டம். வீடு வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதற்கு முதலிடம் கொடுங்கள்: மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே, ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு உண்டா, அவை கையால் திருகினால் திருகுகின்றனவா? பல வருடம் தொடாத வால்வு துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். குழாய் வெடித்த இரவில் அதைத் திருகப் போனால் பிடி கையோடு வந்துவிடும். சுவருக்குள் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்ற வரைபடமோ, பூசுவதற்கு முன் எடுத்த புகைப்படமோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீங்களே வீடு கட்டுகிறீர்கள் என்றால், பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்துப் பிடித்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் அருமை தெரியும்.

குளியலறைத் தரைக்கு வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, பார்ப்பது எளிது. ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் மற்ற அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். மடையை நோக்கி வடிந்திருக்க வேண்டும். சுவரோரத்திலோ கதவு நிலைக்கு அருகிலோ தேங்கியிருந்தால் வாட்டம் சரியில்லை. மரநிலையின் அடிப்பாகம் ஊறி உப்பியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். டைல்ஸைச் சாவியால் தட்டினால் சில இடங்களில் வெற்றொலி கேட்கும். அடியில் சாந்து நிரம்பாமல் பொள்ளலாக இருக்கிறது என்று அர்த்தம், தேங்கும் நீருக்கு அது நல்ல இருப்பிடம். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் அடித்தால் மட்டும் பயந்துவிட வேண்டாம். மடைக்குக் கீழே உள்ள ட்ராப்பில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் அது வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். ஊற்றிய பிறகும் நிற்கவில்லை என்றால்தான் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். உண்மையில் வீட்டின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

மேலே பாருங்கள். அடுக்குமாடியானால் உங்கள் அறைகளுக்கு மேல் மேல்மாடிக்காரரின் எந்த அறை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய குளியலறை உங்கள் சமையலறைக்கு மேலே வருமானால், கசிவு வரும் நாளில் உடைக்க வேண்டியது அவருடைய தரை, நனைவது உங்கள் கூரை. யார் செலவு செய்வது என்ற தகராறு தண்ணீரைவிட மெதுவாகத்தான் வடியும். கூரைக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி போன வழியிலேயே நேர்க்கோடாகப் பழுப்புக் கறையோ வெடிப்போ இருந்தால் அதைச் சாதாரணப் பூச்சு விரிசல் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும். அந்த விரிவுதான் கான்கிரீட்டைப் பிளந்து கட்டியாகக் கீழே தள்ளுகிறது. சாந்து பூசி மூடினால் உள்ளே துரு தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும். கம்பியை வெளிப்படுத்தி, துருவைச் சுத்தமாகக் களைந்து, துருத் தடுப்புப் பூசி, உரிய கலவையால் அடைப்பதே முறை. அதற்கு முன் மேலிருந்து வரும் நீரை நிறுத்தியிருக்க வேண்டும்.

கசிவு தெரியும் இடம் வேறு, நீர் நுழைந்த இடம் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கூரையில் புகுந்த நீர் மின்கம்பி செல்லும் பைப்புக்குள் இறங்கி, நாலு மீட்டர் தள்ளி விளக்கு மாட்டியிருக்கும் இடத்தில் சொட்டுவது உண்டு. அப்படிச் சொட்டினால் முதலில் அந்தப் பகுதி மின்சாரத்தை நிறுத்துங்கள். வீட்டு மின்பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்புச் சாதனம் இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். எல்லோரும் பார்க்க அதை அழுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் சட்டென்று நிற்க வேண்டும்.

விரிசல்களிலும் தண்ணீரின் கை உண்டு. கூரைக் குழாய் அடித்தளத்தை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் கொட்டினால் அந்த மூலை மண் மட்டும் இளகி அமிழும். களிமண்ணானால் நனையும்போது வீங்கி, காயும்போது சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக ஓடும் விரிசல் இதன் அடையாளம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசலை ஒரு கட்டடப் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பொறியாளர் விற்பவரோ தரகரோ அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது.

இனி, குடியேறும் நாள். சாமான் வண்டி வருவதற்கு ஒரு நாள் முன்பு வெறும் வீட்டில் அரை நாள் செலவழியுங்கள். வால்வுகளைக் கண்டுபிடித்து, எது எதற்கு என்று மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். பூட்டிக் கிடந்த வீடானால் தொட்டியைக் கழுவி, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். சிங்க்குக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு துளி வட்டம் விழுந்திருந்தாலும் தெரிந்துவிடும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பழைய ஹோஸையே மாட்டாமல் புதிதாக வாங்கிவிடுங்கள். அது எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் ரப்பர், வெடித்தால் ஆளில்லாத நேரத்தில் தொட்டி காலியாகும் வரை ஓடும். படுக்கவைத்துக் கொண்டுவந்த குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே இயக்க வேண்டும். கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். பெரிய அலமாரிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள்.

எங்கள் எல்போ மாற்றப்பட்டு ஆறு மாதம் ஆகிறது. சுவரை இன்னும் பூசவில்லை. ஊறிய சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் கனம்தான் காயும் என்பது கட்டட வேலையில் வழங்கும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வருகிறேன். கோடுகள் குளத்தின் நீர் வற்றும் படிகள் போல ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. கடைசிக் கோடு இப்போது கட்டிலின் கால் உயரத்தில் இருக்கிறது. அலமாரி கூடத்தின் நடுவில் நிற்கிறது. வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.